மீனைக் கேட்டு வாங்குகிறோம், எண்ணெயைக் கேட்க வழியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் பக்கத்தில், வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மரபணு மாற்றப்பட்ட உணவுக்கு, அதாவது வேறொரு உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் சேர்த்து உருவாக்கிய பயிரிலிருந்து வருகிற உணவுக்கு, லேபிள் தேவையில்லை என்று எழுதியிருந்தார். அறிவியல் தெரியாத சனங்களைப் பயமுறுத்தத்தான் அது உதவும், கெடுதல் என்று நிரூபணம் ஆகாத ஒன்றுக்கு எதற்கு முத்திரை என்பது அவர் கேள்வி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், நானும் அப்படியே பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

நான் தங்கச்சிமடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் 11 வருஷம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தேன். அதனால் லேபிள் என்றால் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒட்டியும் இருக்கிறேன், திருப்பிப் பார்த்து விற்கவும் செய்கிறேன்.

எங்கள் பக்கம் மீன் வாங்குவதை அந்தப் பெரியவர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு அது வடகடல், இது தென்கடல், அவ்வளவுதான். ஒரே சாதி மீன், ஒரே அளவு, ஒரே நாள் காலையில் கரைக்கு வந்தது, ஆனாலும் கூடைக்கு முன்னால் குந்துகிற அப்பத்தா முதலில் கேட்பது "எந்தக் கடல் மீனு?" என்றுதான். அப்புறம்தான் செவுளைத் தூக்கிப் பார்ப்பது, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, நாட்டுப்படகா விசைப்படகா, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்பதெல்லாம். தென்கடல் மீன்தான் ருசி என்பது என் அம்மாவின் கட்சி, என் மாமியார் நேர் எதிர்க்கட்சி, இருபது வருஷமாக இரண்டு பேரும் இதில் ஒத்துப்போனதில்லை. வடகடல் மீனைத் தின்று யாரும் செத்ததும் இல்லை. ஆனால் விற்கிறவள், "வடகடல் மீனில் கெடுதல் இருக்குன்னு விஞ்ஞானிங்க நிரூபிச்சுட்டாங்களா?" என்று ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. எந்தக் கடல் என்று சொல்லிவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவாள்.

இதைத்தான் பாக்கெட்டிலும் கேட்கிறேன். விஷம் என்று நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எதில் செய்தது என்று சொல்லிவிட்டு விலை பேசட்டும்.

நிரூபணம் ஆனால்தான் முத்திரை என்று பார்த்தால், பச்சைப் புள்ளிக்கு என்ன நிரூபணம்? என் கடையில் பிஸ்கட்டிலிருந்து பற்பசை வரைக்கும் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை சேர்த்த கேக்கைத் தின்றால் உடம்புக்கு ஆகாது என்பதற்காகவா 2001ல் அசைவத்துக்குத் தனிக் குறி கொண்டு வந்தார்கள்? சாப்பிடுகிறவருக்கு அது வேண்டும், வேண்டாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அதை மதித்தார்கள். கீழக்கரையிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த லாத்தா ஒருத்தர் பிள்ளைகளுக்கு ஜெல்லி மிட்டாய் வாங்க வந்தால் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "ஜெலட்டின் போட்டிருக்கான்னு பாரு புள்ள" என்பார். மாடு, பன்றி மாதிரி மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது அது. பார்த்துச் சொல்வேன். இருந்தால் வைத்துவிட்டு வேறு எடுப்பார். அதனால் அந்த மிட்டாய்க் கம்பெனி ஒன்றும் மூடிப் போய்விடவில்லை.

மீன் கம்பெனி கதைக்கு வருகிறேன். ஐரோப்பாவுக்குப் போகிற கணவாய்ப் பெட்டியில் அதன் லத்தீன் பெயர் இருக்க வேண்டும், கடலில் பிடித்ததா குட்டையில் வளர்த்ததா என்று இருக்க வேண்டும், எந்தக் கடல் பகுதி, என்ன மாதிரி வலை, எல்லாம் இருக்க வேண்டும். 2010லிருந்து இதற்கு மேல் பிடிப்புச் சான்றிதழ் வேறு. எந்தப் படகு பிடித்தது என்பதை எழுதி, கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் சரிபார்த்து வாங்கினால்தான் சரக்கு அந்தக் கரையில் இறங்கும். ஒரு தடவை லேபிளில் வலையின் பெயர் மாறி அச்சாகிவிட்டது. வலையின் பெயர்தான், சரக்கில் ஒரு குறையும் இல்லை. கன்டெய்னர் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். ராத்திரி 11 மணி வரை நாங்கள் பதினாலு பெண்கள், குளிர் அறைக்குள் போவதும் வருவதுமாகப் பெட்டிகளை எடுத்து, பழைய லேபிளைச் சுரண்டி, புதிதை ஒட்டினோம். உறைந்த அட்டையில் பசை பிடிக்காது. துணியால் துடைத்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடு காட்டி, அமுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போய் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தால் சோறு சூடா ஆறியதா என்றே தெரியவில்லை.

ஸ்பெயினில் ஏதோ ஒரு ஊரில் கணவாய் வறுக்கிற அம்மாவுக்கு, அது எந்த வலையில் மாட்டியது என்று தெரிவதற்காக இவ்வளவு. தெரியட்டும், நியாயம்தான், காசு கொடுக்கிறார். அந்தக் கணவாயைப் பிரித்து அடுக்கிய நான் வீட்டில் அப்பளம் பொரிக்கிற எண்ணெய் எந்த விதையில் பிழிந்தது, அந்த விதை எப்படிப்பட்டது என்று யாரைக் கேட்பது?

கேட்டும் பார்த்தேன். எண்ணெய் ஏஜென்சியிலிருந்து வாராவாரம் ஒரு தம்பி ஆர்டர் எடுக்க வருவார். சோயா எண்ணெய் பாக்கெட்டைக் காட்டி, "இது எங்க விளைஞ்ச சோயா தம்பி?" என்றேன். "குஜராத், அக்கா" என்றார். அது பாக்கெட் போட்ட ஊர், விதை எங்கேயிருந்து வந்தது, மரபணு மாற்றியதா இல்லையா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நான் எம்.ஆர்.பி.யும் ஸ்கீமும்தான்கா சொல்ல முடியும், பத்து எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, போடவா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாக்கெட்டில் இருந்தால்தானே அவருக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், நம் நாட்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை, ஆனால் அப்படிப்பட்ட சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய 2007லேயே வழி விட்டாயிற்று. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும்தான் பெரும்பங்கு வருகிறது, அங்கே விளைகிற சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது. இன்னொன்று பருத்திவிதை எண்ணெய். 2002ல் பி.டி. பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைத் தாங்குவதற்காக மரபணு மாற்றிய பருத்திக்கு, அனுமதி கொடுத்தார்கள், இன்றைக்கு நாட்டில் பருத்தி போடுகிற நிலத்தில் 10ல் 9 பங்குக்கு மேல் அதுதான். பருத்தி என்றால் எல்லோரும் துணியை நினைக்கிறோம். பஞ்சை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற கொட்டையைக் கடலில் கொட்டுவதில்லை, செக்குக்குப் போகிறது, எண்ணெயாகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தபோது நம் தட்டுக்கு இது வராமல் தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன். மரபணு மாற்றியது அதற்கு முன்னாலேயே எண்ணெயாக வாணலிக்குள் வந்துவிட்டிருக்கிறது.

பயமுறுத்துவதாக நினைத்துவிட வேண்டாம், உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வீட்டுச் சமையலுக்கு சோயா எண்ணெய் குறைவு. ரேஷனில் தருகிற பாமாயிலில் இந்தச் சமாச்சாரம் கிடையாது, மரபணு மாற்றிய எண்ணெய்ப் பனை சந்தையிலேயே இல்லை. சூரியகாந்தி, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இதிலெல்லாமும் கிடையாது. மீல் மேக்கரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், அது உள்ளூர் சோயாவில் செய்ததாக இருந்தால் அதிலும் இருக்க வழியில்லை. சோயாவும் பருத்திவிதையும் வருவது பெரும்பாலும் பொட்டலத் தீனி வழியாக. பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் திருப்பிப் பாருங்கள், 322 என்று ஒரு எண் இருக்கும். லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது.

எண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஐஸ்கிரீம் டப்பாவில் 407 என்று போட்டிருந்தால் அது கராஜீனன், கடல்பாசியிலிருந்து எடுப்பது. சம்பையிலும் ஓலைக்குடாவிலும் மண்டபத்திலும் எங்கள் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற அதே பாசி. ஊரில் இன்னமும் அதைப் பெப்சிப் பாசி என்பார்கள், அந்தக் கம்பெனிதான் முதலில் ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்தது. வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்கிறது என்று 2008ல் ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் அது வெளிநாட்டுப் பாசி என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அது தனிக் கதை, மரபணு மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் சொல்ல வந்தது, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வளர்த்தவளே ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்தால் அதில் தன் பாசி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, 407 என்று போட்டால் யாருக்கு என்ன புரியும்? லேபிள் இருந்தால் போதாது, படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு ஆத்திரம் வந்த இடம். லேபிள் வேண்டுமா வேண்டாமா என்று பெரியவரும் நானும் இப்போதுதான் பேசிக்கொள்கிறோம், ஆனால் விதி 2012 ஜூனிலேயே வந்தாயிற்று. எடை அளவுச் சட்டத்தின் கீழ் பாக்கெட் பொருட்களுக்கான விதியில் ஒரு திருத்தம். மரபணு மாற்றப்பட்ட உணவு உள்ள ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகப்புப் பக்கத்தின் உச்சியில் ஜி.எம். என்று, மரபணு மாற்றியது என்பதன் ஆங்கிலச் சுருக்கம், இரண்டு எழுத்து போட வேண்டும், 2013 ஜனவரி 1 முதல் அமல். நான் கடை வைத்த நாளிலிருந்து எத்தனை ஆயிரம் பாக்கெட் என் கையில் ஏறி இறங்கியிருக்கும், உச்சியில் அந்த இரண்டு எழுத்தோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பார்த்திருந்தாலும் என்ன நினைத்திருப்பேன்? சிரிக்காதீர்கள். ஜி.எம். என்றால் எங்களுக்குக் கிராம். 500 ஜி.எம்., 200 ஜி.எம். என்று எடை போட்ட பாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவள் நான். உச்சியில் வெறும் ஜி.எம். என்று இருந்தால், அச்சுக்காரன் எண்ணை விட்டுவிட்டான் போல என்று நினைத்து அலமாரியில் அடுக்கியிருப்பேன்.

இது ஒரு துறை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னொரு பக்கம். 2006 சட்டத்தின் 22ஆம் பிரிவு, மரபணு மாற்றப்பட்ட உணவை விதிமுறைப்படி அல்லாமல் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. சரி, விதிமுறை எங்கே? 2018ல் ஒரு வரைவு, 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிள் என்றது. 2021 நவம்பரில் இன்னொரு வரைவு, 1 சதவீதம் என்றது. 2022ல் அதைத் திருத்தி மறுபடி ஒன்று. வரைவு வரைவாக வந்துகொண்டே இருந்தது, பாக்கெட்டுக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், 2021 மார்ச் முதல் 24 வகைப் பயிர்களை இறக்குமதி செய்ய மரபணு மாற்றம் இல்லை என்ற சான்று கேட்டார்கள். ஆனால் அது தானியமாக, காயாக, பழமாக வருவதற்குத்தான். பதப்படுத்திப் பாக்கெட்டில் வந்தால் பொருந்தாது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து போட்ட மாதிரி.

உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் மரபணு மாற்றப்பட்ட கடுகு வழக்கில் இரண்டு நீதிபதிகளும் கடுகை விடலாமா கூடாதா என்பதில் இரண்டாகப் பிரிந்தார்கள், ஆனால் இறக்குமதி உணவுக்கு, குறிப்பாக எண்ணெய்க்கு, அதே 2006 சட்டத்தில் லேபிள் பற்றிய 23ஆம் பிரிவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று சொன்னதில் பிரியவில்லை. தீர்ப்பு பற்றி வந்த செய்திகளில் கடுகுதான் பெரிதாக இருந்தது, எண்ணெய் விஷயம் கடைசிப் பத்தியில் ஒரு வரி, உங்கள் பேப்பரிலும்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவர் சொல்கிற பயத்துக்கு வருவோம். லேபிள் ஒட்டினால் சனங்கள் பயப்படுவார்கள் என்கிறார். ஒட்டாமல் இருக்கிறபோது பயப்படவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்த புதிதில் என் கடைத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மதினி ஒரு முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, வழுவழுவென்று, ஓரம் மழுங்கி அங்கங்கே ஒன்றிரண்டு இருக்கும், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். "பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டான்" என்றார். தண்ணீரில் போட்டுக் காட்டினார், சிலது மிதந்தது. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள், ஒருத்தி செல்போனில் வீடியோ எடுத்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அரிசி பொறுக்குகிற வேலை. 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்த அந்த அரிசியில்தான் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12ம் இருந்தது, சோகையைப் போக்கத்தான் கலந்தது. அதைச் சரியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போட்டோம். எங்கள் தெருக் கோழிகளுக்கு அந்த வருஷம் சோகையே வந்திருக்காது.

இது மரபணு மாற்றிய அரிசி இல்லை, வேறு சங்கதி, தெரியும். ஆனால் நடந்தது என்ன? சாக்கில் என்ன எழுதியிருந்ததோ, கடையில் எடைபோட்டுப் பையில் கொட்டும்போது சாக்கு அங்கேயே நின்றுவிட்டது, எங்கள் கைக்கு வந்தது வெறும் அரிசி. சொல்லியிருந்தால், தமிழில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால், மதினி முறத்தை எடுத்திருக்கமாட்டார்.

அதே மாதிரிதான், எதில் மரபணு மாற்றம் இருக்கிறது என்று சொல்லாததால் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று ஆகிவிட்டது. விதையில்லாத திராட்சை மரபணு மாற்றியதாம், பிராய்லர் கோழி மரபணு மாற்றியதாம், ஹைபிரிட் தக்காளி, பெரிய பப்பாளி எல்லாமே அதுதானாம். தினம் ஒரு வாட்ஸ்அப். ஒன்றிலும் உண்மையில்லை, அவை ஒரு ரகத்தை இன்னொன்றோடு சேர்த்து எடுத்த கலப்பினமோ, விதையில்லாத திராட்சை மாதிரி இயற்கையாகவே அப்படி வந்த ரகமோதான். பப்பாளி விற்கிற அண்ணன் பாவம், தன் பழத்துக்குச் சத்தியம் செய்துகொண்டு நிற்கிறார். உள்ளதற்கு முத்திரை இருந்தால் இல்லாதவர் தப்பிப்பார் இல்லையா?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சந்தையில் இருக்கிற மரபணு மாற்றப்பட்ட உணவுகள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி வந்தவை, கெடுதல் செய்ய வாய்ப்பில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சுவதில்லை, அதனால் ஆய்வகத்தில் வைத்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஜப்பானில் இதைக் காரணமாக வைத்தே எண்ணெய்க்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவில் எண்ணெய்க்கும் போட வேண்டும். எண்ணெயைச் சோதிக்க முடியாவிட்டால் என்ன, விதை வாங்கிய சீட்டு இருக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு வயல் வரைக்கும் போ என்கிறார்கள். அந்த முறை எனக்குப் புரிகிறது, கணவாயைக் கடித்துப் பார்த்தா எந்தப் படகு என்று சொன்னோம்? சீட்டைப் பார்த்துத்தான் சொன்னோம். விசைப்படகிலிருந்து கம்பெனி வரைக்கும் எங்களை எழுத வைக்க முடியுமென்றால், எண்ணெய்க் கப்பலிலிருந்து பாக்கெட் வரைக்கும் எழுத வைக்க முடியாதா?

டெல்லியில் இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018ல் 65 உணவுப் பொருட்களைக் கடையில் வாங்கிச் சோதித்தது, 21ல் மரபணு மாற்றம் இருந்தது. அதில் 16 இறக்குமதி, 5 உள்நாட்டுச் சரக்கு. அப்படியானால் எண்ணெயில் ஒரேயடியாக ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று சொல்வதற்கில்லை, உள்நாட்டில் மாட்டியது பருத்திவிதை எண்ணெய்தான்.

பருத்திப்பால் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரைக்காரர்கள் தங்களுடையது என்பார்கள், இருக்கட்டும், ராமநாதபுரத்திலும் சாயங்காலம் ஆனால் வண்டி வந்துவிடும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, அரைத்து, பிழிந்து, பாலெடுத்து, சாயல்குடிக் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவிக் கொடுப்பார்கள். சளி பிடித்தால் எங்கள் வீட்டில் மருந்தே அதுதான். எண்ணெயில் ஒன்றும் மிஞ்சாது என்று சமாதானம் சொல்லலாம், இதில் கொட்டையையே அல்லவா அரைத்துக் குடிக்கிறோம்? அந்தக் கொட்டை எந்தப் பருத்தி என்று வண்டிக்காரரிடம் போன மாதம் கேட்டேன். "மூட்டையா வருதுக்கா, பருத்தி பருத்திதானே" என்றார். இத்தனைக்கும் விதை விற்கும்போது பாக்கெட்டில் பி.டி. என்று பெரிதாகப் போட்டு, ஓரவரிசையில் நட பி.டி. அல்லாத விதையும் தனியாகக் கொடுத்துத்தான் விற்றார்கள். புழு பி.டி.க்குப் பழகிவிடக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு. குடிக்கிறவனுக்கு ஒரு வரி இல்லை. (கேட்டுவிட்டு நான் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வந்தேன். இனியும் குடிப்பேன்.)

இந்த வண்டிக்கும் டீக்கடை வடைக்கும் லேபிள் எப்படி ஒட்டுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. லேபிள் பாக்கெட்டோடு நின்றுவிடும். பாக்கெட்டிலாவது வரட்டும் என்கிறேன்.

விவசாயத்துக்கு எதிரி என்றும் என்னை நினைக்க வேண்டாம். என் நாத்தனார் வீட்டுக்காரர் திருவாடானைப் பக்கம் மானாவாரி நெல் போடுகிறார். மழை பொய்த்தால் போச்சு, கடலோரத்து நிலத்தில் உப்பு ஏறினால் அதுவும் போச்சு. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்ததே, மரபணு திருத்திய ரகம், அதில் பூசா டி.எஸ்.டி. 1 என்பது வறட்சியையும் உப்பையும் தாங்குமாம். அண்ணனிடம் சொன்னேன், "எங்க கிடைக்கும்?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்து உப்பைத் தாங்க வைக்கிற வேலையைச் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முன்பே செய்திருக்கிறது, காரங்காட்டில் நாம் படகில் போய் வேடிக்கை பார்க்கிற அதே மரம்தான். எனக்கு இதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருத்தியது வேறு, மாற்றியது வேறு, வெளி மரபணு எதுவும் இல்லாத வகைத் திருத்தத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று 2022 மார்ச்சிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஜி.எம். லேபிள் வந்தால்கூட அந்தப் பூசா அரிசி அதற்குள் வராது. உப்புத்தண்ணீரில் விளைந்த நெல் என்று பெருமையாகப் பெயர் போட்டே விற்கலாமே, நானே கடையில் முன்வரிசையில் வைப்பேன். நல்ல காரியத்தைச் செய்துவிட்டு எதற்கு ஒளிக்க வேண்டும்?

வெளிநாட்டில் செய்யவில்லையா என்றால், செய்கிறார்கள். பிரேசிலில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு எழுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அடையாளம் தெரியும், 2003லிருந்து இருக்கிறது. நமக்கு சோயா எண்ணெய் அனுப்புகிற அதே பிரேசில், தன் ஊர்ச் சனங்களுக்குச் சொல்லி விற்கிறது. அமெரிக்காவில் ரொம்ப வருஷம் சண்டை போட்டு 2022 ஜனவரியில் கட்டாயம் ஆக்கினார்கள், ஆனால் அதில் ஒரு ஓட்டை வைத்தார்கள், எழுத்துக்குப் பதிலாகக் கியூஆர் கோடு போட்டாலும் போதும் என்று விட்டார்கள். அந்த வழி இங்கே வேண்டவே வேண்டாம். பட்டன் போன் வைத்திருக்கிற அப்பத்தா எண்ணெய் பாக்கெட்டை எதை வைத்து ஸ்கேன் செய்வார்?

மொழியைப் பற்றியும் ஒன்று. பாக்கெட்டில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தாக வேண்டும், மற்ற மொழி விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், விதி அப்படித்தான் இருக்கிறது. விளம்பரத்தைத் தமிழில் பெரிதாகப் போடத் தெரிகிறது, "அம்மாவின் கைமணம்" என்று. உள்ளே என்ன என்பது மட்டும் கடுகளவு எழுத்தில் ஆங்கிலத்தில். எனக்கு வேண்டியது ஐந்தாறு சொல்தான்: 'மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எடுத்த எண்ணெய்'. தமிழில், முன்பக்கம், விலை போடுகிற அளவு எழுத்தில்.

விண்ணப்பம் இதுதான். அந்த 2012 அறிவிப்பை, அதன் எண், தேதியோடு, தமிழில் ஒரு தடவை உங்கள் பேப்பரில் முழுசாகப் போடுங்கள். வெட்டி எடுத்து, தராசுக்குப் பின்னால் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். வியாழக்கிழமை எண்ணெய்த் தம்பி வருவார், ஸ்கீம் சொல்வதற்கு முன்னால் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்